ஆழத்தின் சரித்திரம் – 14: விழுந்த திமிங்கிலமும் விழித்திருந்த கேமராவும்

சென்ற வாரம், 1977-ல் காலபகாஸ் தீவுகளுக்கு அருகே ஆல்வின் நீர்மூழ்கி கண்டுபிடித்த வெந்நீர் ஊற்றுகளோடு நிறுத்தியிருந்தோம். வெயில் எட்டாத ஆழத்தில், பூமிக்குள்ளிருந்து கசியும் ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டு பிழைக்கும் பாக்டீரியாக்கள். அவற்றைத் தம் உடலுக்குள்ளேயே வைத்து வளர்த்து, அவை தரும் உணவில் வாழும் மட்டிகள், குழாய்ப்புழுக்கள். உயிரியல் பாடப்புத்தகத்தைத் திருத்தி எழுத வைத்த கண்டுபிடிப்பு அது.

அது ஒரு புதிரையும் விட்டுச் சென்றது. வெந்நீர் ஊற்றுகள் நிரந்தரமானவை அல்ல. சில பத்தாண்டுகளில் அடங்கிப்போவதும் உண்டு. ஓர் ஊற்றுக் கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வெறும் சேற்றுப் பரப்பாக இருக்கலாம். ஊற்று அடங்கினால், அதை நம்பியிருந்த உயிர்களின் குஞ்சுகள் எங்கே போய் ஒதுங்கும்? பத்து வருடம் கழித்து இதற்கு ஒரு விடை தட்டுப்பட்டது. கண்டவர்கள், கலிபோர்னியாவுக்கு அப்பால் கடலடிச் சேற்றில் வாழும் சிற்றுயிர்களை ஆராயப் போனவர்கள்.

அந்த விடை, செத்து விழுந்த ஒரு திமிங்கிலம்.

கண்ணால் காணாத காலம்

திமிங்கிலம் செத்தால் கடலடிக்குத்தான் போகும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. அங்கே போன பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பதுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது. 1854-ல், கடலில் மிதந்த திமிங்கிலக் கொழுப்புத் துண்டிலிருந்து அதுவரை அறியாத ஒரு சிப்பி இனம் கிடைத்தது. விசித்திரம் என்று குறித்துவைத்ததோடு சரி. 1934-ல் டென்மார்க்கின் உடலியல் அறிஞர், நோபல் பரிசு பெற்ற ஆகஸ்ட் க்ரோக், ஆழ்கடல் உயிர்கள் எதைத் தின்று பிழைக்கின்றன என்று ஆராய்ந்த கட்டுரையில், மேலிருந்து விழும் பெரிய உடல்களையும் கணக்கில் சேர்த்தார். அதுவும் காகிதக் கணக்காகவே இருந்தது.

இதற்கிடையே ஒரு விபத்து, எல்லோரையும் வேறு பக்கம் திருப்பிவிட்டது. 1968 அக்டோபரில், தாய்க்கப்பலிலிருந்து இறக்கும்போது எஃகு வடங்கள் அறுந்து ஆல்வின் நீர்மூழ்கி மூழ்கியது. உள்ளே இருந்தவர்கள் தப்பி வெளியேறிவிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்திருந்த மதிய உணவு மட்டும் நீர்மூழ்கியோடு 1,500 மீட்டருக்குக் கீழே போனது. பத்து மாதங்களுக்குப் பிறகு, 1969-ல், ஆல்வினை மேலே இழுத்தபோது அந்த இறைச்சி சாண்ட்விச்சும் ஆப்பிளும் நனைந்து ஊறியிருந்தனவே தவிர, கெட்டுப்போகவில்லை. உட்ஸ் ஹோல் ஆய்வகத்தின் நுண்ணுயிரியலாளர் ஹோல்கர் யானஷ் குழுவினர் இதை ஆராய்ந்து, ஆழ்கடலின் குளிரிலும் அழுத்தத்திலும் பாக்டீரியாக்கள் மிக மெதுவாகவே வேலை செய்கின்றன என்று எழுதினார்கள். அங்கே எல்லாமே மந்தகதியில்தான் நடக்கும் என்ற எண்ணம் வலுப்பட்டது.

நீர்மூழ்கிக்குள் அடைபட்டிருந்த சாண்ட்விச்சை எந்த மீனாலும் நெருங்க முடியவில்லை. திறந்த சேற்றில், பசித்த பிராணிகளுக்கு நடுவே ஓர் உடல் கிடந்தால் என்ன நடக்கும்? இதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இரையோடு இறங்கிய கேமரா

முதலில் பார்த்தவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிலையத்தைச் சேர்ந்த ஜான் ஐசக்ஸ். அவருடைய முறை எளிமையானது. கேமரா, பளிச்சென்று மின்னும் விளக்கு, நேரம் வைத்து இயக்கும் கருவி, செத்த மீன் இரை ஆகியவற்றை ஒரு சட்டகத்தில் கட்டி, பாரம் சேர்த்துக் கடலில் போட்டுவிடுவார்கள். அதைக் கப்பலோடு இணைக்கக் கயிறு கிடையாது. கேமரா அடியில் போய் உட்கார்ந்து, குறித்த இடைவெளிகளில் படமெடுத்துக்கொண்டே இருக்கும். நேரம் முடிந்ததும் பாரம் கழன்றுகொள்ள, மிதவைகள் அதை மேலே தூக்கி வரும்.

1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் அந்தச் சுருள்களைக் கழுவிப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். முதல் படத்தில் வெறும் சேறு. சிறிது நேரத்துக்குள் எலிவால் மீன்கள், ஹாக்மீன்கள், நண்டுகள். சில இடங்களில் சட்டகத்தையே மறைக்கும் அளவுக்குப் பெரிய சுறா. பாலைவனம் என்று கருதப்பட்ட கடலடியில், மோப்பம் பிடித்துத் தேடி வரும் பெரிய பிராணிகள் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருந்தன. 1975-ல் ஐசக்ஸும் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ்லோஸும் இந்தப் படங்களைப் பொதுவாசகர்கள் முன் வைத்தார்கள்.

ஒரு வாளி மீனுக்கே இவ்வளவு கூட்டம் என்றால், 30 டன் திமிங்கிலத்துக்கு?

1987: சோனாரில் ஒரு புள்ளி

1977 பிப்ரவரியில் அமெரிக்கக் கடற்படையின் ஆழ்கடல் நீர்மூழ்கியான ட்ரியஸ்டே-2, கலிபோர்னியாவின் சான்டா கேட்டலினா தீவுக்கு மேற்கே ஒரு திமிங்கில எலும்புக்கூட்டின் மேல் போய் நின்றது. சதை எதுவும் மிச்சமில்லை. தாடை எலும்பு ஒன்றையும் துடுப்பின் சில எலும்புகளையும் எடுத்து வந்தார்கள். அநேகமாகச் சாம்பல் திமிங்கிலம் என்று முடிவானதோடு அந்தக் கதை நின்றது. அந்த எலும்புகளில் யார் குடியிருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் ஸ்மித். 1987-ல் அவர் தலைமையிலான குழு ஆல்வினைக் கொண்டு கேட்டலினா படுகையில் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, நீர்மூழ்கியின் சோனார் திரையில் பெரிதாக ஏதோ ஒன்று தெரிந்தது. 1,240 மீட்டர் ஆழம். விளக்கு வெளிச்சத்தில், சுமார் 20 மீட்டர் நீளத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு சேற்றில் பரவிக் கிடந்தது. எலும்புகளின் மேல் பாக்டீரியாப் படலம். சுற்றிலும் மட்டிகள், சிப்பிகள், நத்தைகள். ஆல்வினின் கேமராக்கள் அவற்றைப் பதிவு செய்தன.

அந்தப் படங்களிலும் மாதிரிகளிலும் இருந்த உயிர்கள் ஆய்வாளர்களுக்கு அறிமுகமானவை. சல்பைடை நம்பி வாழும் வெந்நீர் ஊற்று உயிர்களின் உறவினர்கள்! பக்கத்தில் எந்த ஊற்றும் இல்லை. 1988-ல் அதே இடத்தைத் தேடிப்பிடித்துத் திரும்பப் போய் உறுதி செய்துகொண்டு, 1989-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். திமிங்கில எலும்புக்கூடுகள், ஊற்றுக்கும் ஊற்றுக்கும் நடுவே இந்த உயிர்கள் தங்கிச் செல்லும் இடங்களாக இருக்கலாம் என்பது அவர்களின் யோசனை.

சல்பைடு எங்கிருந்து வந்தது? திமிங்கிலத்தின் எலும்புக்குள் எண்ணெய் நிரம்பியிருக்கிறது. சில எலும்புகளின் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்புதான். பாக்டீரியாக்கள் எலும்புக்குள் புகுந்து அந்தக் கொழுப்பைச் சிதைக்கும்போது உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு கடல்நீரில் ஏராளமாக உள்ள சல்ஃபேட்டை அவை பயன்படுத்துகின்றன. அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு பிறக்கிறது. எலும்பின் உட்பகுதியிலிருந்து அது மெல்லக் கசிய, வெளியே காத்திருக்கும் பாக்டீரியாக்களுக்கும் அவற்றைச் சுமக்கும் சிப்பிகளுக்கும் அது ஆகாரம். கொழுப்பு தீரும்வரை இந்தக் கசிவு நிற்காது.

திமிங்கிலத்தை மூழ்கடித்தவர்கள்

கேட்டலினா எலும்புக்கூடு எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. கதையின் கடைசி அத்தியாயம் மட்டும் கையில் இருந்தது. முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க வேண்டுமானால், விழுந்த நாள் தெரிந்த திமிங்கிலம் வேண்டும். எனவே 1990-களில் ஸ்மித் குழுவினர் கரையொதுங்கிச் செத்த சாம்பல் திமிங்கிலங்களைக் கடலுக்குள் இழுத்துப் போய், தாங்களே மூழ்கடித்தார்கள்.

செத்த திமிங்கிலம் லேசில் மூழ்காது. உடலுக்குள் அழுகலில் உண்டாகும் வாயு அதை மிதக்க வைக்கும். அதை அமுக்க இரண்டரை டன்னுக்கும் மேல் இரும்புப் பாரம் கட்ட வேண்டியிருந்தது. நாற்றம் பிடித்த பல டன் சதையோடு, அலையில் ஆடும் கப்பலில் செய்யும் வேலை. இதற்குப் பொறுமையோடு உடல் தெம்பும் வேண்டும்.

1996-ல் சான் டியாகோவுக்கு அப்பால் 1,220 மீட்டர் ஆழத்தில் 5 டன் திமிங்கிலம் ஒன்று. 1998-ல் சான்டா குரூஸ் படுகையில் 1,675 மீட்டர் ஆழத்தில் 35 டன் திமிங்கிலம் ஒன்று. பிறகு ஆல்வினில் மீண்டும் மீண்டும் போய்ப் பார்த்தார்கள்.

சான்டா குரூஸ் உடலை ஒன்றரை மாதம் கழித்து நெருங்கியபோது, விளக்கு வெளிச்சத்தில் ஹாக்மீன்கள் நூற்றுக்கணக்கில் நெளிந்துகொண்டிருந்தன. ஹாக்மீனுக்குத் தாடை கிடையாது. பல் தகடுகளால் சதையைப் பற்றிக்கொண்டு, தன் வாலில் தானே ஒரு முடிச்சுப் போடும். அந்த முடிச்சை உடல் நெடுகத் தலைவரை நகர்த்தி, பிணத்தின் மேல் முட்டுக்கொடுத்து ஒரே இழுப்பில் சதையைப் பிய்த்தெடுக்கும். அவற்றுக்கு நடுவே ஸ்லீப்பர் சுறாக்கள் பெரிய பெரிய கவளமாகக் கடித்துப் போயிருந்தன. இப்படி ஒரு நாளைக்கு 40 முதல் 60 கிலோ சதை தீர்ந்துகொண்டிருந்தது. சிறிய உடல் சில மாதங்களில் எலும்பானது. பெரிய உடலில் இந்த விருந்து இரண்டு வருடம் வரை நீளலாம் என்று கணக்கிட்டார்கள். சாண்ட்விச் சொன்ன மந்தகதி இங்கே எடுபடவில்லை.

பெரிய பிராணிகள் விலகிய பிறகு இரண்டாம் கட்டம். சிதறிய கொழுப்பும் இறைச்சித் துணுக்கும் சுற்றியுள்ள சேற்றை வளமாக்கியிருக்கும். அதில் ஒரு சதுர மீட்டருக்குள் 40,000 வரை சிறு புழுக்களும் கணுக்காலிகளும் மொய்க்கும். மூன்றாவது, கேட்டலினாவில் கண்ட சல்பைடுக் கட்டம். அதுதான் நீண்டது, பல பத்தாண்டுகள் போகக்கூடியது. கடைசியில், ஊட்டம் தீர்ந்த எலும்பு வெறும் பாறைபோல் நின்று, ஒட்டி வாழும் உயிர்களுக்கு இடம் கொடுக்கும். 2003-ல் ஸ்மித்தும் ஏமி பாக்கோவும் இந்தப் படிநிலைகளைத் தொகுத்து எழுதிய கட்டுரை, இத்துறையில் இன்றுவரை முதலில் புரட்டப்படுவது.

2002: மான்டரே பள்ளத்தாக்கின் சிவப்பு

2002 பிப்ரவரி. கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்றின் 2,891 மீட்டர் ஆழத்தில் 'டிபுரான்' என்ற ஆளில்லா நீர்மூழ்கி மட்டிகளைத் தேடிக்கொண்டிருந்தது. மேலே கப்பலின் கட்டுப்பாட்டு அறையில், மான்டரே விரிகுடா கடலாய்வு நிலையத்தின் ராபர்ட் ஃப்ரீயென்ஹூக் குழுவினர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்ச வட்டத்துக்குள் ஒரு சாம்பல் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு வந்தது. எலும்பெல்லாம் சிவப்பு. ஆயிரக்கணக்கான சிறிய சிவப்புத் தூவல்கள் நீரில் அசைந்துகொண்டிருந்தன.

எந்திரக் கையால் எலும்புகளை எடுத்து மேலே கொண்டுவந்தார்கள். ஷானா கோஃப்ரெடியும் கிரெக் ரவுஸும் ஆராய்ந்தபோது ஒன்றன்பின் ஒன்றாக ஆச்சரியங்கள். அது ஒரு புழு. அதற்கு வாய் இல்லை, வயிறு இல்லை, குடல் இல்லை. வெளியே தெரியும் சிவப்புத் தூவல் மூச்சுக்கு. மறுமுனையில் பச்சை நிறத் திசு ஒன்று வேர்விட்டு எலும்புக்குள் இறங்கியிருந்தது. அந்த வேருக்குள் பாக்டீரியாக்கள். வேர் அமிலம் சுரந்து எலும்பைக் கரைக்க, உள்ளே உள்ள சத்தைக் கொண்டு பாக்டீரியாவும் புழுவும் சேர்ந்து வாழ்கின்றன.

பார்த்த புழுக்கள் எல்லாமே பெண். ஆண் எங்கே? நுண்ணோக்கியில் தேடியபோது, பெண்ணின் உடலைச் சுற்றியுள்ள குழாய்க்குள் கண்ணுக்கு எட்டாத அளவில் ஆண்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரே பெண்ணிடம் நூற்றுக்கும் மேல். அவை வளராமல் குஞ்சுப் பருவத்திலேயே நின்று, முட்டைக்குள் இருந்து கொண்டுவந்த கருவுணவு தீரும்வரை விந்தை உற்பத்தி செய்பவை. 2004-ல் 'சயன்ஸ்' இதழில் இந்தப் பேரினத்துக்கு 'ஓசெடாக்ஸ்' என்று பெயர் சூட்டினார்கள்.

மான்டரே குழு அதோடு நிற்கவில்லை. கரையொதுங்கிய மேலும் ஐந்து திமிங்கிலங்களை அதே பள்ளத்தாக்கில் வெவ்வேறு ஆழங்களில் மூழ்கடித்து, ஆண்டுக்கணக்கில் ஆளில்லா நீர்மூழ்கியை அனுப்பிப் படமெடுத்தது. கேமராவோடு இணைந்த இரண்டு லேசர் கதிர்கள், குறித்த இடைவெளியில் எலும்பின் மேல் இரண்டு புள்ளிகளை வைக்கும். அந்த இடைவெளி தெரியுமாதலால், படத்தைக் கொண்டே எலும்பின் அளவைக் கணக்கிடலாம். போன வருடம் முழுதாக இருந்த விலா இந்த வருடம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது படத்திலேயே தெரிந்துவிடும். 2010-ல் லோனி லண்ட்ஸ்டன் குழுவினர் வெளியிட்ட முடிவு ஸ்மித்தின் கணக்கோடு உரசியது. ஓசெடாக்ஸ் புழுக்கள் எலும்பையே தின்று தீர்ப்பதால், மான்டரேயில் எலும்புக்கூடுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சிதைந்துகொண்டிருந்தன. கேட்டலினாவில் பல பத்தாண்டு; இங்கே அதைவிடக் குறைவு. இரண்டுமே உண்மை. ஆழமும், நீரிலுள்ள ஆக்சிஜனும், திமிங்கிலத்தின் வயதும், எலும்பின் கெட்டித்தன்மையும் இடத்துக்கு இடம் கதையை மாற்றுகின்றன.

பல கடல்கள், பல கண்கள்

2002 ஜனவரியில் ஜப்பானின் தெற்கே ககோஷிமா கரையில் ஸ்பெர்ம் திமிங்கிலக் கூட்டம் ஒன்று ஒதுங்கியது. இறந்தவற்றில் 12 உடல்களை நோமாமிசாகி முனைக்கு அப்பால் 200 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தில் மூழ்கடித்தார்கள். 'ஹைப்பர் டால்ஃபின்' ஆளில்லா நீர்மூழ்கி அவற்றைப் பல வருடம் தொடர்ந்தது. அங்கும் ஒரு புதிய ஓசெடாக்ஸ். 2003-ல் ஸ்வீடனின் கோஸ்டர் ஃபியோர்டில் வெறும் 125 மீட்டரில் ஒரு மிங்கி திமிங்கிலத்தை இறக்கினார்கள் தாமஸ் டால்கிரனும் ஏட்ரியன் குளோவரும். அங்கும் ஒன்று. மூன்று கிலோமீட்டர் ஆழத்தின் விசித்திரம் என்று கருதப்பட்ட புழு, கரைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. எலும்பை வைத்துக் காத்திருந்து பார்க்க ஆள் இல்லாததால்தான் அது தெரியாமல் இருந்தது.

குளோவர் குழு அன்டார்டிகாவுக்கும் போனது. திமிங்கில எலும்பையும் மரப்பலகையையும் சேர்த்துக் கடலடியில் 14 மாதம் வைத்தார்கள். எலும்பில் ஓசெடாக்ஸ் அப்பியிருந்தது. மரத்தை எதுவும் தொடவில்லை. அந்தக் கடலில் மூழ்கிய மரக்கப்பல்கள் நன்றாகவே இருக்கக்கூடும் என்று 2013-ல் எழுதினார்கள். 2022 மார்ச்சில், துருவப் பயணி ஷாக்கிள்டனின் மூழ்கிய மரக்கப்பலான 'எண்ட்யூரன்ஸ்' வெட்டெல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டபோது, பின்புறத்தில் பொறித்த பெயரைக் கேமராவில் தெளிவாகப் படிக்க முடிந்தது.

இன்னொரு வழியும் பிறந்தது. கனடாவின் வான்கூவர் தீவை ஒட்டிய கடலடியில், கரையோடு கம்பிவடத்தால் இணைத்த நிரந்தர ஆய்வு நிலையங்களை அமைத்தார்கள். தடயவியல் அறிஞர் கெயில் ஆண்டர்சன் அங்கே பன்றி உடல்களை வைத்து, மனித உடல் கடலில் எப்படிச் சிதைகிறது என்று கரையிலிருந்தே கேமரா வழியாகப் பார்த்தார். விளக்கை எந்நேரமும் எரியவிட்டால் பிராணிகளின் நடத்தை மாறிவிடும் என்பதால், குறித்த நேரத்தில் சில நிமிடங்கள் மட்டும் எரியவிட்டார். 300 மீட்டர் ஆழத்தில் வைத்த பன்றிகளை அரிசி மணி அளவேயுள்ள கணுக்காலிகள் நான்கே நாளில் எலும்பாக்கின. வருடத்துக்கு ஒருமுறை போய்வரும் நீர்மூழ்கிக்கு இது அகப்பட்டே இருக்காது.

2019 அக்டோபரில் கலிபோர்னியாவின் டேவிட்சன் கடலடி மலைக்கு அருகே, 3,200 மீட்டருக்கும் கீழே, 'நாட்டிலஸ்' கப்பலின் கேமரா ஒரு சிறிய திமிங்கிலத்தைக் கண்டது. எலும்பில் ஓசெடாக்ஸ், மேலே ஊர்ந்து தின்னும் ஆக்டோபஸ்கள். அந்தக் காட்சி நேரலையில் ஓடியது. விஞ்ஞானிகள் ஆனந்தத்தில் கூவியதை வீட்டிலிருந்தே மக்கள் கேட்டார்கள்.

பார்ப்பதற்கு முன்பே எடுத்துவிட்டோம்

இந்த வரலாற்றில் கேமரா எத்தனையோ விதமாக மாறியிருக்கிறது. ஆனால் அறிவு வளர்ந்தது, கேமரா கூர்மையானதால் மட்டும் அல்ல. அதே இடத்துக்குத் திரும்பப் போனதால். 1977-ல் எலும்பைக் கண்டவர்கள் ஒருமுறை பார்த்தார்கள். அது வெறும் எலும்பு. 1987-ல் கண்டவர்கள் அடுத்த வருடமே திரும்பினார்கள். ஒரு துறையே பிறந்தது. எந்தப் பிணத்துக்கும் முதல் நாள், ஒன்றரை மாதம், ஐந்து வருடம் என்று பல முகங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஆழ்கடலைப் பற்றித் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதை இந்த ஆய்வாளர்கள் நமக்குக் காட்டிவிட்டார்கள்.

இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 29 லட்சம் திமிங்கிலங்கள் வேட்டையாடப்பட்டன. முந்தைய காலத்தில் கொழுப்பை உரித்தபின் உடலைக் கடலிலேயே விட்டார்கள். தொழிற்சாலைக் கப்பல்கள் வந்த பிறகு எலும்பையும் காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள். ஆண்டாண்டு காலமாக மேலிருந்து விழுந்துகொண்டிருந்த உணவு, பெருமளவில் விழாமல் போனது. எலும்பில் மட்டுமே வாழத் தெரிந்த உயிர்களில் எத்தனையோ இனங்கள், நாம் பெயர் வைப்பதற்கு முன்பே அழிந்திருக்கக்கூடும் என்று ஸ்மித் எச்சரித்தார். திமிங்கிலத்தைக் காப்பது என்றால் நீந்தும் திமிங்கிலத்தைக் காப்பது என்றே நினைத்துவந்தோம். அது தன் ஆயுள் முடிந்து, தன் கடலிலேயே விழவும் விட வேண்டும். அந்த ஒரு சாவை நம்பிப் பல ஆயிரம் உயிர்கள் கீழே இருக்கின்றன.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. திமிங்கிலங்கள் பூமியில் தோன்றி ஏறத்தாழ 5 கோடி வருடங்கள்தான் ஆகின்றன. ஆனால் 2015-ல், டைனோசர் காலத்துக் கடல் ஊர்வன ஒன்றின் புதைபடிவ எலும்பில் ஓசெடாக்ஸ் துளைத்த தடம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வயது 10 கோடி வருடம். திமிங்கிலமே இல்லாத கடலில் இந்தப் புழு எதைத் தின்றது, ஊர்வன அழிந்த பிறகு எப்படித் தப்பியது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)